பிறைக் கணக்கும் கணினி நிரலும்

ஸகாத் கடமையாவதற்கு, செல்வம் நிஸாபை எட்டியபின் ஓராண்டு நிறைவுற வேண்டும். அவ்வாண்டு சந்திர ஆண்டாகும். ஆங்கில ஆண்டைக் கொண்டு கணக்கிடுவோர் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாட்கள் பிந்துகின்றனர். முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஓராண்டின் ஸகாத்தே விடுபட்டுப் போகிறது. இத்தவணையைக் கணினியில் கணக்கிட விழையும் இளைஞர்கள் சில அடிப்படைகளை அறிந்திருத்தல் நலம்.

நிரல் எழுதப் புதிதாகப் பயில்வோர் நாள், மாதம், ஆண்டு என்னும் மூன்று எண்களைத் தனித்தனியே கூட்டவும் கழிக்கவும் முற்படுவர். மாதங்களின் நீளம் ஒன்றுபோல் இராமையால் பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணப்பட்ட நாட்களின் ஒற்றை எண்ணாகத் தேதியை மாற்றிக்கொள்வதே முறை. அதன்பின் இரு தேதிகளின் இடைவெளி வெறும் கழித்தல்தான். ஒரு நாட்காட்டியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவும் அவ்வெண்ணே பாலமாகும்.

முஸ்லிம் வானியலாளர் கையாண்ட அட்டவணைக் கணக்கில் மாதங்கள் 30, 29 என மாறிமாறி வரும். ஆண்டுக்கு 354 நாட்கள். முப்பது ஆண்டுச் சுற்றில் பதினோர் ஆண்டுகளுக்குத் துல்ஹஜ்ஜில் ஒரு நாள் மிகும். ஓர் ஆண்டு தொடங்கும் முன் சேர்ந்த மிகுநாட்களை அறிய, ஆண்டெண்ணை 11ஆல் பெருக்கி, 3 கூட்டி, 30ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட வேண்டும்.

ஹிஜ்ரி 1446 முஹர்ரம் முதல் நாளை எடுத்துக்கொள்வோம். கடந்த 1445 ஆண்டுகளுக்கு 5,11,530 நாட்கள், மிகுநாட்கள் 530, ஆக 5,12,060. தொடக்க நாள் ஜூலியன் நாட்காட்டிப்படி கி.பி. 622 ஜூலை 16, வெள்ளி. பைத்தான் போன்ற மொழிகள் கிரிகோரியன் விதியைப் பின்னோக்கி நீட்டுவதால் அதே நாள் அங்கு ஜூலை 19 ஆகும். இதைக் கவனியாதவரின் விடை மூன்று நாட்கள் பிசகும். சரியாகக் கூட்டினால் கிடைப்பது 2024 ஜூலை 8. 5,12,060ஐ ஏழால் வகுக்க மீதி மூன்று. வெள்ளியிலிருந்து மூன்றாம் நாள் திங்கள். அந்த ஜூலை 8 திங்கட்கிழமையே. பயில்வோர் தம் நிரலைச் சோதிக்க இக்கிழமைக் கணக்கு எளிய உரைகல்.

எனினும் கணக்கு சரியாயிருப்பதும் மாதம் பிறப்பதும் ஒன்றல்ல. அதே முஹர்ரம் சவூதியின் உம்முல் குரா நாட்காட்டியில் ஜூலை 7 அன்றே தொடங்கியது. தமிழகத்தில் ஆஷூரா நாள் ஜூலை 17. அது அட்டவணையோடு ஒத்துவந்தது. மற்றொரு மாதத்தில் ஒவ்வாமலும் போகலாம், ஏனெனில் அட்டவணை சராசரியைத்தான் சொல்லும், பிறையைப் பார்ப்பதில்லை. மேலும் ஹிஜ்ரி நாள் மஃக்ரிபில் தொடங்குகிறது. கணினியின் நாளோ நள்ளிரவில். இரவு எட்டு மணிக்குச் செல்வம் நிஸாபை எட்டியவருக்கு நிரல் முந்தைய தேதியைப் பதியும்.

ஆகவே நல்ல நிரலில், சூரியன் மறைந்ததா என்று கேட்கும் வரியும், பிறை அறிவிப்புக்கேற்ப ஒரு நாள் திருத்தும் இடமும் இருத்தல் வேண்டும். நிரல் தருவது மதிப்பீடு. தவணை நாளை உறுதி செய்வது பிறை. இவ்வேறுபாட்டைத் தன் திரையிலேயே எழுதிக் காட்டும் நிரலே நம்பகமானது.