ஹௌசாப் பெண்களின் முற்றத்து இசை

இசைக்கு அரங்கும் அவையும் இன்றியமையாதன என்று கருதுவோர் பலர். அரங்கேறாத இசையும் உலகில் உண்டு. வட நைஜீரியாவிலும் நைஜர் நாட்டின் தென்பகுதியிலும் வாழும் ஹௌசா இனப் பெண்கள் வீட்டு முற்றத்தில் வளர்த்த இசை அத்தகையது.

கானோ, கட்சினா, சாரியா முதலிய பழைய நகரங்களில் எமிர் எனப்படும் மன்னர் பவனி வருங்கால், ககாகி என்னும் நெடிய உலோக எக்காளம் முழங்கும். புகழ்பாடுவோர் அவர்தம் குலப்பெருமையை விரித்துரைப்பர். அம்முழக்கம் ஆடவர்க்கு உரியது. மணமான பெண்கள், சிறப்பாக நகரங்களில், மதில் சூழ்ந்த வீட்டினுள்ளே தங்கியிருத்தல் மரபு. இதனைக் ‘குல்லே’ என்பர். 1804ஆம் ஆண்டில் உஸ்மான் தன் போடியோ தொடங்கிய சமயப் போரின் பின்னர் இம்மரபு படிப்படியாகப் பரவிற்று.

எக்காளம் எட்டாத அப்பெண்கள், கைக்கு எட்டிய பாத்திரத்தையே வாத்தியமாக்கினர். இரண்டாகப் பிளந்து உலர்த்திய சுரை ஓடு, அங்கே பாலும் தானியமும் வைக்கும் கலமாகும். நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தில் அவ்வோட்டினைக் கவிழ்த்து மிதக்கவிட்டுத் தட்டுவர். உள்ளே அகப்பட்ட காற்று அதிர, ஆழ்ந்த ஒலி பிறக்கும். இது ‘கிடன் ருவா’, அதாவது நீர் முழவு. ‘ஷாந்து’ என்பது இருபுறமும் திறந்த நீண்ட சுரைக்குழல். ஒரு கையால் அதனைத் தொடையில் மோதி, மற்றக் கையால் அதன் வாயை மூடியும் திறந்தும் ஒலியை வேறுபடுத்துவர். தானியம் இடிக்கும் உலக்கையின் தாளமும் பாட்டுக்குத் துணையாகும்.

இப்பாடல்கள் வெறும் பொழுதுபோக்கல்ல. கணவன் பெயரைச் சொல்லவும் நாணும் பண்பு அச்சமூகத்திற்கு உண்டு. பலதார மணமும் வழக்கில் உள்ளது. சக்களத்தியைக் குறிக்கும் ‘கிஷியா’ என்னும் சொல்லே, பொறாமை எனப் பொருள்படும் ‘கிஷி’ என்பதனோடு உறவுடையது. நேரிற் சொன்னாற் பூசலாகும் மனக்குறை, பெயர் சுட்டாது பாட்டிற் சொன்னால் நகைப்பாகிவிடும். திருமணத்திலும் குழந்தைக்குப் பெயர்சூட்டும் நாளிலும் கூடும் பெண்கள் அப்பாட்டின் குறிப்பை நன்குணர்வர்.

பிற ஆடவர் நுழையலாகாத இடத்தில் எழுந்தமையால், இவ்விசையைக் கேட்டு எழுதிவைத்தவர் சிலரே. எனினும் கட்சினாப் பகுதியின் ஃபுந்துவாவைச் சேர்ந்த பர்மனி சோகே, சுரை ஓடுகளின் தாளத்தோடு பாடி வடநாடெங்கும் புகழ்பெற்றார். பெண் தன் கையால் உழைத்துப் பொருளீட்டல் வேண்டும் என்பது அவர் பாடிய பொருள்களுள் ஒன்று. அவர் 2013இல் மறைந்தார்.

மதிலை இவ்விசை தகர்த்துவிடவில்லை. ஆயினும், கதவு அடைபட்டதனாற் குரல் அடைபட்டுவிடாது என்பதற்குச் சான்றாய், நீரில் மிதக்கும் அச்சுரை ஓடு ஒலிக்கின்றது.