இரண்டு பாஸ்போர்ட், ஒரே ஜெர்சி



"அந்த நாட்டுல பொறந்தவன் இந்த நாட்டுக்கு எப்படிடா ஆடுறான்?" மேட்ச் பார்க்கும்போது நம் விடுதியில் தவறாமல் எழும் கேள்வி இது. "எல்லாம் காசுக்குத்தான்" என்று சிலர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். குடியுரிமை தருவது அரசாங்கம். எந்த அணிக்கு ஆடலாம் என்று விதி போடுவது விளையாட்டு அமைப்பு. ஒருவரிடம் இரண்டு பாஸ்போர்ட் இருக்கலாம். ஆடுவதற்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்காகக் களமிறங்கியவர் நாடு மாறினால், பொதுவாக மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட அமைப்புகள் சம்மதித்தால் இது குறையும்.

கால்பந்தில் போட்டெங் சகோதரர்களைப் பாருங்கள். இருவரும் பெர்லினில் பிறந்தவர்கள். அப்பா ஒருவரே, கானா நாட்டுக்காரர், அம்மாக்கள் வேறு. தம்பி ஜெரோம் ஜெர்மனிக்கு ஆடினார். ஜெர்மனியின் இளையோர் அணிகளில் ஆடிய அண்ணன் கெவின் பிரின்ஸ், கானாவைத் தேர்ந்தெடுத்தார். 21 வயதுக்குள் மாறிவிட வேண்டும் என்றிருந்த விதியை 2009இல் ஃபிஃபா நீக்கியதால்தான் அது முடிந்தது. 2010 உலகக் கோப்பையில் இருவரும் எதிரெதிராக நின்றார்கள். ஜெர்மனி 1-0 என்று ஜெயித்தது. ரத்தம் ஒன்று, ஜெர்சி இரண்டு!

நம் நாட்டில் கதையே வேறு. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டு இந்தியர்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை, விசா இல்லாமல் வந்துபோக உதவும். அது குடியுரிமை ஆகாது. நம் சென்னை விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ், அமெரிக்கக் குடிமகனாக இருந்தபடியே 2003 முதல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். இந்தியக் குடிமக்கள் மட்டுமே நாட்டுக்காக ஆடலாம் என்று 2008இன் கடைசியில் மத்திய அரசு முடிவெடுத்ததும் அந்தக் கதவு மூடிக்கொண்டது.

அரட்டா இசுமி என்ன செய்தார் தெரியுமா? ஜப்பானில் பிறந்தவர், அப்பா இந்தியர், அம்மா ஜப்பானியர். 2012இல் ஜப்பான் குடியுரிமையையே விட்டுக்கொடுத்து இந்தியரானார். அடுத்த ஆண்டே நம் கால்பந்து அணியில் ஆடினார். பிறந்த மண்ணின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்த மனுஷனைப் பார்த்து "காசுக்கு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி இல்லாவிட்டால் பணக்கார நாடுகள் ஆளை விலைக்கு வாங்கி அணி சேர்த்துவிடும். ஆனால் விதிக்குப் பின்னால் ஒரு குடும்பமும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. நம்மில் எத்தனையோ பேர் டிப்ளமோ முடித்ததும் வெளிநாட்டு வேலைக்குப் போகப் போகிறோம். நாளை நம் பிள்ளை கையில் பந்தோடு வந்து, "அப்பா, நான் எந்த நாட்டுக்கு ஆடட்டும்?" என்று கேட்கலாம். பதிலை இப்போதே யோசித்து வைப்போமே!