டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு தம்பி ரேடியேட்டர்!

உங்கள் காரில் எத்தனை ரேடியேட்டர் இருக்கிறது என்று கேட்டால், "இதென்ன சார் கேள்வி, ஒண்ணுதான்" என்பீர்கள். முன்னால் கிரில்லுக்குப் பின்னே நிற்கிற பெரியவரை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஒரு தம்பி உண்டு. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒண்டுக் குடித்தனம். ஆள் கெட்டி அட்டை போட்ட டிக்‌ஷனரி அளவுதான். பெயர் ஹீட்டர் கோர். சில ஒர்க்‌ஷாப்களில் ஹீட்டர் காயில் என்பார்கள்.

மதுரையிலும் திருச்சியிலும் இந்தத் தம்பிக்கு வேலையே கிடையாது. கத்திரி வெயிலில் எவன் காருக்குள் ஹீட்டர் போடுவான்? ஆனால் வேலை இல்லை என்பதற்காக அவர் சும்மா இருப்பதில்லை. பல கார்களில் இன்ஜின் ஓடுகிற நேரமெல்லாம் சுடுதண்ணீர் அவர் வழியாகவும் போய் வந்துகொண்டே இருக்கும். சில கார்களில் நடுவே ஒரு வால்வு இருக்கும். அதில் பழைய தண்ணீர் உள்ளேயே தேங்கிக் கிடக்கும். எப்படியானாலும் அரிப்புதான். பத்துப் பதினைந்து வருஷம் யாரும் கண்டுகொள்ளாமல் அரித்துக்கொண்டே இருக்கிறது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை வருகிறது. ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து, ஒருத்தர் வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரில் கொடைக்கானல் கிளம்புகிறீர்கள். வத்தலகுண்டில் டிபன். காட்ரோட்டில் மலை ஆரம்பம். ('காட் ரோடு' என்ற இங்கிலீஷ் பெயரே அங்கே ஊர்ப் பெயராகிவிட்டது!) டம்டம் பாறை, ஊத்து எல்லாம் தாண்டி பெருமாள்மலை வரும்போது பனிமூட்டம் வந்து காரைக் கட்டிக்கொள்கிறது. பின் சீட்டிலிருந்து குரல்: "டேய், ஹீட்டர் போடுடா!"

வண்டி வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக அந்தக் குமிழ் சிவப்புப் பக்கம் திரும்புகிறது. தம்பி விழித்துக்கொள்கிறார்.

முதலில் ஒரு வாசனை. கொஞ்சம் தித்திப்பான, வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி ஒரு வாசனை. "யாருடா கமர்கட்டு திங்கிறது?" என்று பின் சீட்டைச் சந்தேகப்படாதீர்கள். அது கூலன்ட். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம் தித்திக்கும், ஆனால் விஷம். அடுத்து, முன் கண்ணாடியின் உள்பக்கம் மங்குகிறது. மூன்றாவதாக, இடது பக்கம் உட்கார்ந்திருப்பவரின் சாக்ஸ் நனைகிறது.

இதில் உயிருக்கு உலை வைப்பது அந்த நடு விஷயம்தான். சாதாரணமாக நம் மூச்சுக் காற்றால் கண்ணாடி மங்கினால், ஹீட்டர் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியதும் தெளியும். ஒழுகுகிற ஹீட்டரில் நேர்மாறு. காற்றைத் திருப்பத் திருப்ப மங்கல் கூடும், ஏனென்றால் காற்றோடு கூலன்ட் ஆவியும் சேர்ந்து வருகிறது. துணியால் துடைத்தால் போகாது. எண்ணெய்க் கையால் தடவியது போல இழுசும். எதிரே இறங்கி வருகிற பஸ்ஸின் ஹெட்லைட் அதில் பட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக விரியும். வெளியே மூடுபனி, உள்ளே எண்ணெய்ப் படலம், பக்கத்தில் பள்ளம். கொண்டை ஊசி வளைவு எங்கே திரும்புகிறது என்று குத்துமதிப்பாகத்தான் தெரியும்.

அந்தக் கால அம்பாஸடர் டாக்ஸிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற குளிர்நாட்டுக் காரிலிருந்து வந்த வண்டிதான் அது. ஆனால் நம்மூரில் ஓடிய அம்பாஸடர்களில் பெரும்பாலானவற்றில் ஹீட்டரே இல்லை. டிரைவரின் மப்ளர்தான் ஹீட்டர். கண்ணாடிக்கு, பீடியைப் பிரித்துப் புகையிலையைத் தேய்ப்பார்கள். மெயின் ரேடியேட்டர் கொதித்தால் டிக்கியில் ஒரு கேன் தண்ணீர். அதற்கும் முன்னால் இன்னும் எளிது. 1914-ல் இந்த லாஸ் காட் சாலையில் மோட்டார் வண்டி ஏற ஆரம்பிக்கும்வரை, பெரியகுளம் பக்கத்திலிருந்து கால்நடையாகவோ குதிரையிலோ டோலியிலோதான் மலை ஏறினார்கள். குதிரைக்குக் கூலன்ட் வேண்டாம்!

சரி, ஒரு சின்னப் பெட்டி ஒழுகினால் இன்ஜினுக்கு என்ன? தண்ணீர் ஊற்றிக்கொண்டே போய்விடலாமே என்று தோன்றும். மேன்ஷன் ரூமில் குக்கர் வைத்துச் சோறு பொங்கியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

மலை மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காமல் முன்னாலேயே கொதித்துவிடும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும். பருப்பு வேகாமல் அடம்பிடிப்பது அதனால்தான். குக்கரில் வெயிட் போட்டால் வெந்துவிடுகிறது அல்லவா? ரேடியேட்டர் மூடி செய்வதும் அதே வேலைதான். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, கொதிநிலையை 20 டிகிரி அளவுக்குத் தூக்கிவிடுகிறது. இப்போது ஹீட்டர் கோரில் குண்டூசி முனை அளவு ஓட்டை விழுகிறது. தண்ணீர் போவது கொஞ்சம்தான். ஆனால் அழுத்தம் நிற்காது. வெயிட் போடாத குக்கர்! ஏற்றத்தில், ஃபர்ஸ்ட் கியரில், நாலு பேர் பாரத்தோடு உறுமுகிற இன்ஜின் 90 டிகிரியைத் தொட்டுக்கொண்டு இருக்கும்போது, கொதிப்பதற்கும் அதற்கும் நடுவே நூலளவு இடம்தான் மிச்சம். அதையும் தாண்டினால் ஹெட் கேஸ்கெட் போகும். அந்தச் செலவைக் கேட்டால் மலையில் குளிரே தெரியாது.

இன்னொரு சூது உண்டு. தண்ணீர் ரொம்பக் குறைந்துவிட்டால், டெம்பரேச்சர் காட்டுகிற சென்ஸார் தண்ணீரில் முழுகாமல் காற்றில் தொங்கும். முள் கீழே இறங்கி, "நான் ஜில்லுன்னு இருக்கேன்" என்று பொய் சொல்லும். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்.

மலை மேலேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? வண்டியை நிறுத்தி, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆறிய பிறகு பானெட்டைத் திறந்தால், இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டுக்குள் இரண்டு ஓஸ் பைப் போவது தெரியும். ஒன்று தம்பிக்குப் போகிற வழி, இன்னொன்று வருகிற வழி. இரண்டையும் கழற்றி, ஒன்றோடொன்று ஒரு துண்டுக் குழாயால் இணைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் தம்பி கணக்கிலிருந்து விலக்கப்பட்டுவிடுவார். இரண்டு ஓஸையும் தனித்தனியாக அடைத்துவிடலாமே என்பார்கள். வேண்டாம். சில இன்ஜின்களில் தண்ணீர் சுற்றி வருவதற்கே அந்த வழி தேவை. குறைந்த தண்ணீரை நிரப்பிவிட்டால் குளிர்ந்துகொண்டே ஊர் வந்து சேரலாம்.

"அப்படியே விட்டுடலாமே, நம்ம ஊர்ல எதுக்கு சார் ஹீட்டர்?" என்று மெக்கானிக்கே சொல்வார். அதில் பாதி உண்மைதான். ஆனால் இன்ஜின் சூடேறுகிற நேரத்தில் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, ஜன்னலை இறக்கிவிடுவது அனுபவஸ்தர்களின் கைவைத்தியம். உள்ளே வேர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அந்தத் தம்பி வாங்கிக்கொள்வார். அவரை நிரந்தரமாக வீட்டைவிட்டுத் துரத்திவிட்டால் ஆபத்துக்கு அந்த வழி இல்லை. மலைக்கு அடிக்கடி போகிறவர் என்றால், கண்ணாடித் தெளிவுக்காகவே புதுசு போட்டுவிடுங்கள்.

மஞ்சள் தூள் வைத்தியம் என்று ஒன்று இருக்கிறது. ரேடியேட்டரில் ஒரு கைப்பிடி போட்டால் ஓட்டை அடைபடும். நிஜமாகவே அடைபடும்! ஆனால் ஓட்டை எது, குழாய் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்கள்தான் முதலில் அடையும். மஞ்சள் ரசத்துக்கு நல்லது, ரேடியேட்டருக்கு அல்ல.

செப்பு, பித்தளையில் செய்த பழைய கோர் என்றால் ரேடியேட்டர் ஒர்க்ஸில் ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் கலந்த பிற்காலத்து அயிட்டத்துக்கு அது சரிப்படாது. மாற்றத்தான் வேண்டும். மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. மற்ற பழைய மாடல்களும் அப்படித்தான் ஒவ்வொன்றாக விடைபெற்றன. புதுசு கிடைக்காதவர்கள் சென்னை புதுப்பேட்டையில் பழசு தேடுவார்கள். தேடலாம், ஆனால் அதுவும் உங்கள் காரின் வயசுக்காரர்தான். வாய் இரண்டையும் அடைத்து, காற்று கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டச் சொல்லுங்கள். குமிழி வந்தால் வேறு கடை.

கோர் விலையைக் கேட்டால் "இவ்வளவுதானா?" என்பீர்கள். கூலியைக் கேட்டால் அந்த வார்த்தை வராது. பல கார்களில் டாஷ்போர்டு முழுசாக இறங்க வேண்டும். ஸ்டியரிங், மீட்டர், ரேடியோ, ஒயர் எல்லாம் வெளியே. ஒரு முழு நாள் வேலை. பழைய கிளிப் இரண்டாவது 'டிக்' என்று உடையும். எந்த ஸ்குரூ எந்த ஓட்டை என்று செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் நாலு ஸ்குரூ மிஞ்சுவது சில ஒர்க்‌ஷாப்களில் சம்பிரதாயம்!

பக்கத்தில் நின்று பார்க்கிறவர் கவனிக்க வேண்டியது சில உண்டு. இறுகிப்போன பழைய ஓஸைத் திருகி இழுத்தால் உள்ளே இருக்கும் குழாய் வாய் நெளியும். பிளேடால் நீளவாக்கில் கீறி எடுக்கச் சொல்லுங்கள், எப்படியும் ஓஸும் கிளாம்ப்பும் புதுசு போடத்தான் போகிறீர்கள். ஏ.சி. பைப்பைக் கழற்றியே ஆகவேண்டிய மாடல் என்றால் கேஸை ஏ.சி. மெக்கானிக்தான் இறக்க வேண்டும். கோரைச் சுற்றி இருக்கும் ஸ்பாஞ்சு பட்டை உளுத்திருந்தால் அதுவும் புதுசு. இல்லாவிட்டால் காற்று சந்து வழியாகப் போய், புது ஹீட்டர் பழைய குளிரைத்தான் தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, டாஷ்போர்டைத் திரும்பப் பூட்டுவதற்கு முன்னால் இன்ஜினை ஓட்டி, சூடேற்றி, கோர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷப் பொறுமை இல்லாததால் இன்னொரு முழு நாள் கூலி போகலாம்.

கூலன்ட் நிரப்பும்போது உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் வைத்து, வண்டியின் மூக்கு மேலே பார்க்க ஒரு சரிவில் நிறுத்தி நிரப்பினால் காற்று தானே வெளியேறும். கொடைக்கானலில் சரிவுக்கா பஞ்சம்? பைப்புத் தண்ணீரும் போர் தண்ணீரும் வேண்டாம். உப்பு படிந்து அடுத்த ஓட்டைக்கு அதுதான் அஸ்திவாரம். இறக்கிய பழைய கூலன்ட்டைத் தெருவில் ஊற்றாதீர்கள். தித்திப்புக்கு நாய் வந்து நக்கிவிட்டுச் செத்துப்போகும்.

கார்பெட்டை மறந்துவிடுவார்கள். அடியில் இருக்கும் பஞ்சு கூலன்ட்டைக் குடித்து வைத்திருக்கும். வெளியே எடுத்து அலசி, வெயிலில் காயப்போடாவிட்டால் வாசனையும் கண்ணாடி மங்கலும் தொடரும், நீங்களும் மெக்கானிக்கோடு சண்டைக்குப் போவீர்கள். கண்ணாடியின் உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் இரண்டு தடவை கழுவுங்கள்.

2024 மே மாதத்தில் கொடைக்கானல் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டுவந்தார்கள். அதில் வண்டி நம்பர் கேட்கிறார்கள், ஹீட்டர் ஒழுகுகிறதா என்று கேட்பதில்லை. அதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கிளம்புவதற்கு முதல் நாள் கொஞ்ச தூரம் ஹீட்டரைப் போட்டு ஓட்டிவிட்டு, ராத்திரி இடது பக்க மிதியடிக்குக் கீழே ஒரு பேப்பரை விரித்து வையுங்கள். காலையில் அதில் பச்சையாகவோ சிவப்பாகவோ பிசுபிசுப்பான கறை இருந்தால் கூலன்ட். நிறமில்லாத வெறும் ஈரம் என்றால் ஏ.சி. தண்ணீராக இருக்கலாம். தினசரிப் பேப்பரே போதும் சார், இந்த இதழை விரித்துவிடாதீர்கள்!