பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

அமெரிக்கா – மெக்சிகோ எல்லைப் பாலைவனத்தில் விலங்குகளையும் மனிதர்களையும் படம் பிடிக்கின்றன ஆயிரம் கண்கள். அவை யாருக்காகப் பார்க்கின்றன?

2021 நவம்பர். மெக்சிகோவின் சோனோரா மாநிலத்தில் தானியங்கி கேமரா ஒன்றைக் கடந்து நடந்துபோனது ஓர் ஆண் ஜாகுவார். சிறுத்தையைப் போலப் புள்ளி போட்ட, அதைவிடப் பருத்த உடல்வாகு கொண்ட பெரும்பூனை அது. அதன் புள்ளிகளைப் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 2011 முதல் 2015 வரை எல்லைக்கு வடக்கே, அரிசோனாவின் மலைகளில் பலமுறை படமான அதே விலங்கு! டூசான் நகரப் பள்ளிப் பிள்ளைகள் அதற்கு ‘எல் ஹெஃபே’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஸ்பானிய மொழியில் ‘தலைவர்’ என்று பொருள். செத்துப்போயிருப்பாரோ என்று பலரும் அஞ்சிய தலைவர், எல்லைக்குத் தெற்கே உயிரோடு இருந்தார்.

அதே எல்லையில் இன்னொரு பயணமும் நடந்தது. 2019 ஜூன் மாதம், பஞ்சாபிலிருந்து புறப்பட்ட ஒரு தாயும் அவருடைய ஆறு வயது மகளும் அரிசோனாவின் லூக்வில் அருகே பாலைவனத்துக்குள் நுழைந்தார்கள். வெயில் 42 டிகிரி செல்சியஸ். உடன் வந்தவர்களிடம் மகளை விட்டுவிட்டுத் தாய் தண்ணீர் தேடிப் போனார். பிறகு எல்லைக் காவல் படையினருக்குக் கிடைத்தது சிறுமியின் உடல்தான்.

இரண்டு பயணங்களும் சோனோரன் பாலைவனத்தை ஒட்டிய எல்லையில்தான் நடந்தன. உலகிலேயே மிகத் தீவிரமாகக் கண்காணிக்கப்படும் எல்லைகளில் ஒன்று அது.

டயர் முதல் கோபுரம் வரை

இங்கே கண்காணிப்பு மண்ணிலிருந்து தொடங்குகிறது. எல்லைக் காவலர்கள் பழைய டயர்களைச் சங்கிலியில் கோத்து, வண்டியில் கட்டி, மண் சாலைகளில் இழுத்துச் செல்வார்கள். மண் பலகைபோல மட்டமாகிவிடும். அதன்பின் யார் கடந்தாலும் சுவடு தெரியும். அதைச் சமாளிக்க, கடப்பவர்கள் கம்பளத் துண்டில் தைத்த உறையைச் செருப்பின்மேல் மாட்டிக்கொள்கிறார்கள். வெயிலில் பளபளத்துக் காட்டிக்கொடுக்காமல் இருக்கக் கறுப்பு நிறத் தண்ணீர்க் கேன்களைச் சுமக்கிறார்கள்.

சுவட்டுக்கு மேல் தொழில்நுட்பம் அடுக்கடுக்காக வந்து சேர்ந்தது. நிலத்தடி அதிர்வு உணரிகள், புதருக்குள் ஒளித்துவைத்த கேமராக்கள், ட்ரோன்கள், ரேடாரும் இரவுக் கேமராவும் ஏந்திய கோபுரங்கள். ‘எஸ்.பி.ஐ.நெட்’ என்ற கோபுரத் திட்டத்துக்கு அமெரிக்கா கிட்டத்தட்ட 100 கோடி டாலர் செலவழித்தது. சுமார் 85 கிலோமீட்டர் எல்லையை மட்டுமே அதனால் கண்காணிக்க முடிந்தது. 2011-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதன்பின் இஸ்ரேலைச் சேர்ந்த எல்பிட் நிறுவனத்தின் கோபுரங்கள் வந்தன. எல்லைக்கோடு போடப்படுவதற்கு முன்பிருந்தே அங்கு வாழும் டொஹோனோ ஓ'ஓதாம் பழங்குடி மக்களின் நிலத்திலும் கோபுரங்கள் அமைக்க 2019-இல் ஒப்புதல் பெறப்பட்டது.

இத்தனை கண்கள் வந்தபின் மனிதர்கள் வருவது நின்றதா? வழிதான் மாறியது. எஸ்.பி.ஐ.நெட் கோபுரங்களின் பார்வை எட்டும் பரப்பையும், இறந்தவர்களின் உடல்கள் கிடைத்த இடங்களையும் அரிசோனாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரைபடத்தில் ஒப்பிட்டார்கள். கோபுரத்தின் கண்ணில் படாதிருக்க, மக்கள் இன்னும் கரடுமுரடான, உடலை உருக்கும் தடங்களுக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள் என்று 2019-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. தெற்கு அரிசோனாவில் கடந்த முப்பது ஆண்டுகளில் கண்டெடுக்கப்பட்ட மனித எச்சங்கள் 4,000-த்துக்கும் மேல். பீமா கவுன்ட்டி மருத்துவப் பரிசோதகர் அலுவலகமும் ‘ஹியூமேன் பார்டர்ஸ்’ தொண்டு அமைப்பும் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாகக் குறித்துவருகின்றன.

சுவரைக் கேள்வி கேட்ட கேமரா

விலங்கு ஆய்வாளர்கள் வைக்கும் கேமராவும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கருவிதான். வெப்பமுள்ள உடல் எதிரே அசைந்தால் உணரி விழித்துக்கொள்ளும், படம் பதிவாகும். இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வீசும். முதுமலையில் வரிகளைக் கொண்டு புலிகளை எண்ணும் அதே முறையில், அங்கே புள்ளிகளைக் கொண்டு ஜாகுவாரை அடையாளம் காண்கிறார்கள்.

அரிசோனா எல்லையில் இந்தக் கேமராக்கள் விலங்கைக் காட்டியதோடு நிற்கவில்லை, அங்கே எழுப்பப்பட்ட எல்லைச் சுவரையும் கேள்வி கேட்டன. சுமார் 9 மீட்டர் உயர எஃகுத் தூண்கள், தூணுக்கும் தூணுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லாத 10 சென்டிமீட்டர் இடைவெளி. முயல் நுழையலாம், மான் என்ன செய்யும்? சுவர் உள்ள இடங்களில், வாகனத் தடுப்பு மட்டுமே உள்ள இடங்களைவிட விலங்குகள் எல்லை கடப்பது 86 சதவீதம் குறைந்திருந்தது என்று 2024-இல் வெளியான கேமரா ஆய்வு சொன்னது. சுவரில் ஆங்காங்கே விடப்பட்ட, ஒரு தாள் அளவேயான சிறு திறப்புகளைக்கூடச் சிறு விலங்குகள் தேடிக் கண்டுபிடித்துப் பயன்படுத்துகின்றன. ஆனால், தண்ணீருக்கும் துணைக்கும் எல்லை தாண்டியாக வேண்டிய பெரிய விலங்குகளுக்கு அவை போதா.

விலங்குக்காக வைத்த கேமராவில் மனிதர்களும் விழுகிறார்கள். முதுகில் மூட்டை, கையில் குழந்தை. அந்தப் படத்தை என்ன செய்வது? யார் கையில் கொடுப்பது? ஒரு படம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாம். அவரது வழியை வெளியில் சொன்னால் கொள்ளையர் கையிலும் சிக்கவைக்கலாம். ஆய்வாளரின் அறம் இங்கேதான் சோதிக்கப்படுகிறது.

உடலே வெளிச்சமாக

கலைஞர்களும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். அயர்லாந்துப் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் மாஸ், 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்தே மனித உடலின் வெப்பத்தைக் கண்டுகொள்ளும் ராணுவக் கேமராவைக் கொண்டு, சகாராவிலிருந்து ஐரோப்பாவை நோக்கி வரும் அகதிகளைப் படமெடுத்தார். ‘இன்கமிங்’ என்ற அந்தப் படைப்பு 2017-இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. வெப்பப் படத்தில் நிறமும் முகச்சாயலும் மறைந்துபோகின்றன. எஞ்சுவது சூடு மட்டுமே. வேட்டையாடச் செய்த கருவி, எதிரே இருப்பது உயிருள்ள ஓர் உடல் என்று சாட்சி சொல்கிறது.

தமிழில் ‘பார்’ என்ற சொல்லோடு ‘கொள்’ சேர்ந்தால் பொருளே வேறாகிவிடும். ‘குழந்தையைப் பார்’ என்பது வேறு, ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்பது வேறு. எல் ஹெஃபேயை அந்தப் பாலைவனம் பார்த்துக்கொண்டது. அதன் ஒவ்வொரு புள்ளியையும் அறிந்து, பெயர் வைத்து, அது திரும்பக் கிடைத்தபோது மனிதர்கள் மகிழ்ந்தார்கள். அந்த ஆறு வயதுச் சிறுமியைப் பார்த்துக்கொள்ள இத்தனை கருவிகளில் ஒன்றுகூட உதவவில்லை.

ஜாகுவாருக்குக் காட்டிய கவனம் கூடுதல் என்று சொல்லவில்லை. அது நூறு மடங்கு சரி. அதே கவனம் மனிதருக்கும் வேண்டும் என்பதே கோரிக்கை. நகரும் உடலைத் தொலைவிலிருந்தே உணரும் கோபுரத்தால், நகர முடியாமல் விழுந்த உடலுக்கும் உதவி அனுப்ப முடியும். அதைச் செய்யுமாறு பணிக்க வேண்டியது அரசு. ‘ஹியூமேன் பார்டர்ஸ்’ தொண்டர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மண்ணில் நீலக் கொடி நட்டு, அதன் அடியில் தண்ணீர்ப் பீப்பாய் வைத்துவருகிறார்கள். வெகு தொலைவிலிருந்தும் தெரியட்டும் என்று உயரமாகப் பறக்கிறது அந்தக் கொடி. கோடிக்கணக்கில் கொட்டி எழுப்பும் எல்லா எல்லைக் கோபுரங்களும் முதலில் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்: தாகத்தோடு வருபவருக்குத் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டுவது.