பிராங்க்ளின் தெரு 51, ஐந்தாம் மாடி

கட்டற்ற மென்பொருள் எதையாவது திறந்து அதன் மூலநிரலைப் படித்துப் பாருங்கள். பல கோப்புகளின் தலைமாட்டில் ஒரு தபால் முகவரி இருக்கும்: பிராங்க்ளின் தெரு 51, ஐந்தாம் மாடி, பாஸ்டன். உரிமத்தின் நகல் கிடைக்காதவர்கள் இங்கே கடிதம் போடலாம் என்று அதில் சொல்லியிருப்பார்கள். உலகமெங்கும் எத்தனையோ கணினிகளில் பதிந்து கிடக்கும் இந்த முகவரியில் இப்போது யாரும் இல்லை. 2024 ஆகஸ்டில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அந்த அலுவலகத்தைக் காலி செய்துவிட்டது. ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள்.

ஊழியர்கள் என்றால் ஒரு பெரும்படையைக் கற்பனை செய்ய வேண்டாம். பத்துப் பதினைந்து பேர்தான். நம்மூர் வங்கிக் கிளை ஒன்றில் இருக்கும் அளவு.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985 அக்டோபர் 4 அன்று இந்த அறக்கட்டளையைத் தொடங்கினார். அப்போது இணைய வசதி உள்ளவர்கள் குறைவு. அதனால் ஈமாக்ஸ் என்ற தொகுப்பியைக் காந்த நாடாவில் பதிந்து, 150 டாலருக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார் ஸ்டால்மன். அந்த நாடா வியாபாரத்தை அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. இலவசமாகப் படியெடுக்கலாம் என்று சொல்லியே ஒரு பொருளை விற்றுப் பிழைத்த நிறுவனம் இது! வந்த பணத்தில் நிரலாளர்களைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் தினமும் கட்டளைகளைத் தட்டும் ‘பாஷ்’ அப்படி வந்ததுதான். அறக்கட்டளையின் ஊழியராக இருந்த பிரையன் ஃபாக்ஸ் எழுதி, 1989இல் வெளியானது. தலைவரான ஸ்டால்மன் மட்டும் சம்பளம் வாங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நிலைமை மாறியது. நிரல் எழுத ஊரெல்லாம் ஆள் இருந்தார்கள். சம்பளம் கொடுத்து எழுதவைக்க வேண்டிய அவசியம் குறைந்தது. எழுதியதைக் காப்பாற்றத்தான் ஆள் தேவைப்பட்டது. இன்றைய சம்பளப் பட்டியலைப் பார்த்தால் அது விளங்கும்: உரிமப் பிரிவு, பிரச்சாரப் பிரிவு, சர்வர்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பிரிவு, கணக்கு வழக்கு பார்க்கும் நிர்வாகப் பிரிவு.

இதில் எனக்குச் சுவாரசியமானது உரிமப் பிரிவுதான். ஈமாக்ஸ் போன்ற திட்டங்களுக்குக் கணிசமாக நிரல் எழுதித் தருபவர், அதன் பதிப்புரிமையை அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அவர் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தால், ‘இதில் எங்களுக்குப் பாத்தியதை இல்லை’ என்று முதலாளியும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். பத்திரப்பதிவு அலுவலக வேலைதான் கிட்டத்தட்ட! ஆயிரம் பேர் எழுதிய நிரலுக்கு ஆயிரம் உரிமையாளர்கள் இருந்தால், யாராவது உரிம விதியை மீறும்போது வழக்குப் போட வருவது யார்? ஒரே கையில் இருந்தால் கேட்க நாதி உண்டு.

கேட்பதும் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் நடக்கும். கடிதம் போடுவார்கள், பேசுவார்கள், திருத்தவைப்பார்கள். சிஸ்கோ நிறுவனத்தின் விஷயத்தில்தான் பொறுமை தீர்ந்தது. அதன் லிங்க்சிஸ் வலையமைப்புக் கருவிகளில் கட்டற்ற மென்பொருளைப் போட்டு விற்றுவிட்டு, மூலநிரலை முறையாகத் தரவில்லை என்று 2008 டிசம்பரில் நீதிமன்றம் போனார்கள். 2009 மே மாதம் சமரசம் ஆனது. சிஸ்கோ ஒரு தொகை கொடுத்தது. அதைவிட முக்கியமாக, உரிம விதிகளைக் கண்காணிக்கவென்று லிங்க்சிஸ் பிரிவில் ஓர் அதிகாரியை நியமிக்க ஒப்புக்கொண்டது.

பணம் பெரும்பாலும் தனிமனிதர்களிடமிருந்து வருகிறது. 2002இல் தொடங்கிய உறுப்பினர் திட்டம் அதன் முதுகெலும்பு. ஆனால் சந்தா கட்டும் இந்த உறுப்பினர்களுக்கு இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு கிடையாது. அது ஒரு சிறு வட்டத்தின் கையில் இருக்கிறது. டெபியன் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருள் திட்டத்திலோ, ஆண்டுதோறும் டெவலப்பர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பயனரின் சுதந்திரத்தைப் பேசும் அறக்கட்டளை தன் வீட்டுக்குள் இவ்வளவு இறுக்கமாக இருப்பது எனக்கு எப்போதுமே உறுத்தல்தான். கூட்டம் சேர்ந்து கொள்கையைக் கரைத்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. பயம் நியாயமானதாகவே இருக்கட்டும்; அதற்கு ஒரு விலை இருந்தது.

2019 செப்டம்பரில் சர்ச்சைக்கிடையே பதவி விலகிய ஸ்டால்மன், தான் இயக்குநர் குழுவுக்குத் திரும்பிவிட்டதாக 2021 மார்ச்சில் அறிவித்தார். கண்டன அறிக்கைகள் பறந்தன. ஆதரவு அறிக்கைகளும் பறந்தன. உள்ளே வேலை பார்ப்பவர்களின் குரல் எங்கே என்ற கேள்வியும் எழுந்தது. சில நாட்களிலேயே, தொழிற்சங்கத்தில் உள்ள ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு இயக்குநர் குழுவில் இடம் உண்டு என்று முடிவானது. அவர்கள் சர்வர்களைப் பராமரித்துக்கொண்டிருந்த இயன் கெல்லிங்கை அனுப்பினார்கள்.

2025 அக்டோபரில் அறக்கட்டளைக்கு நாற்பது வயது நிறைந்தது. அந்தச் சமயத்தில் புதிய தலைவராக அறிவிக்கப்பட்டவர் அதே கெல்லிங்.