காளானைப் பிடுங்காமல் படமெடுங்கள்

2023 ஜூன் மாதம், கர்நாடகத்தின் குதிரேமுக் மலையடிவாரத்தில், சாலையோரக் குட்டையொன்றில் தவளை பார்க்கப் போன சிலர் இதுவரை காணாத ஒன்றைக் கண்டார்கள். ஒரு தவளையின் விலாவில் சின்னஞ்சிறு காளான் முளைத்து நின்றது. தவளை உயிரோடுதான் இருந்தது. அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள், தவளையைப் பிடிக்கவில்லை. படங்களைப் பார்த்த காளான் அறிந்தவர்கள், அது மைசீனா வகையைச் சேர்ந்தது என்றார்கள். பொதுவாக மட்கும் மரத்தில் வளரும் காளான் அது. 2024இல் அறிவியல் இதழ் ஒன்றில் இதைப் பற்றிய குறிப்பு வெளியானது.

கேமராவை மட்டும் கையில் வைத்திருப்பவர் காளான் ஆய்வுக்கு என்ன தர முடியும் என்பதற்கு இது போதும். மழை விட்டதும் கொடைக்கானல், வால்பாறை, கோத்தகிரி என்று காளான் தேடிக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர்களில் பலர், தாங்கள் நிற்பது யாருடைய காடு என்று கேட்டுக்கொள்வதில்லை.

காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, தலைமை வனஉயிரினக் காப்பாளர் எந்தெந்தக் காரணங்களுக்கு நுழைவு அனுமதி தரலாம் என்று சொல்கிறது. அதில் ஒளிப்படம் எடுப்பது தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. அதாவது படம் எடுக்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்க உங்களுக்கு வழி இருக்கிறது. முதலில் வனச்சரக அலுவலகத்தில் விசாரியுங்கள். சுற்றுலா வண்டிக்கு வாங்கிய டிக்கெட், வண்டியை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடப்பதற்கான அனுமதி ஆகாது.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத் தீ மலையேறப் போன 23 பேரின் உயிரைக் குடித்தது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. இப்போது வனத்துறையே இணையம் வழியாகப் பதிவு செய்து, வழிகாட்டியோடு அனுப்பும் நடைபாதைகள் இருக்கின்றன. காளான் படமெடுக்க விரும்பும் புதியவருக்கு அதுவே நல்ல தொடக்கம். காட்டுக்கே போகாமலும் தொடங்கலாம். வைக்கோல் போர், பட்டுப்போன மாமரம், எருக்குழி ஆகிய மூன்றையும் மழைக்காலத்தில் சுற்றிவந்தாலே படமெடுக்க நிறையக் கிடைக்கும். தனியார் எஸ்டேட் என்றால் உரிமையாளரின் சம்மதம் கட்டாயம்.

ஒரு காளானை அடையாளம் காண மேலே இருக்கும் குடையின் படம் மட்டும் போதாது. குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகளின் நிறம், தண்டில் வளையம் உண்டா, தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை உண்டா என்பதெல்லாம் தெரிய வேண்டும். அதற்காகத்தான் பலர் பிடுங்கிவிடுகிறார்கள். சரணாலயத்திலிருந்து வனப்பொருள் எதையும் அனுமதியின்றி எடுத்துவரக் கூடாது என்கிறது வனவிலங்குச் சட்டத்தின் 29ஆம் பிரிவு. பிடுங்கத் தேவையும் இல்லை. உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றைக் காளானுக்கு அடியில் சாய்த்து வைத்தால் மடிப்புகள் அப்படியே தெரியும். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும். தண்டைச் சுற்றிக் கிடக்கும் சருகைக் குச்சியால் விலக்கி, படமெடுத்த பின் திரும்ப மூடிவிடுங்கள்.

வனத்துறையினர் தடுத்தால் அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள், வாக்குவாதம் வேண்டாம். வனவிலங்குச் சட்ட மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. குற்றத்துக்குப் பயன்பட்டதாகக் கருதும் பொருளைக் கைப்பற்றவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கேமராவை எடுத்துக்கொண்டால் மகஜர் நகல் கேளுங்கள். பணம் கட்டச் சொன்னால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். காரணமின்றித் தொல்லை தரும் நோக்கில் பொருளைக் கைப்பற்றும் அலுவலரையும் தண்டிக்க அதே சட்டத்தின் 53ஆம் பிரிவு இடம் தருகிறது.

எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய கவலை, தரையில் படுத்துப் படமெடுப்பவரின் உடம்பைப் பற்றியது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சருகுக்குள் கூன்மூக்குக் குழிவிரியன் என்ற சிறிய பாம்பு கிடக்கும். காய்ந்த இலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நம் நாட்டு மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. இந்தக் குழிவிரியனின் நஞ்சை அது முறிக்காது. சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும். ஆகவே குச்சியால் தட்டிப் பார்க்காமல் முழங்கையை ஊன்றாதீர்கள். கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கீறிவிடுவதும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் 108ஐ அழைத்து, சிறுநீரகச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் சேர்க்கப் பாருங்கள்.

இன்னொன்று ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடிப்பதால் வருவது. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவிடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கலாம். அதைப் பார்த்தால் உடனே மருத்துவரிடம் காட்டி, காட்டுக்குப் போய்வந்ததைச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மருந்தே இதைக் குணப்படுத்தும். தாமதித்தால் நுரையீரல் வரை பாதிக்கும்.

படமெடுத்த காளானைத் தின்னத் துணியாதீர்கள். செயலியில் காட்டினோம், பெயர் சொல்லிவிட்டது என்று சமைப்பவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. புல்வெளியில் முளைக்கும் குளோரோஃபில்லம் காளானின் மடிப்புகள் இளசில் வெள்ளையாக இருக்கும். முற்றிய பிறகுதான் பச்சை ஏறும். இளசில் எடுத்த படத்தை எந்தச் செயலியும் நல்ல காளான் என்று சொல்லக்கூடும். வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை, எறும்பு மொய்க்கிறது என்பதெல்லாம் சோதனையே அல்ல. அமானிடா காளான்கள் சிலவற்றில் உள்ள நஞ்சு வேகவைத்தாலும் போகாது. தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல் கழிந்து வாந்தி பேதி தொடங்கும். பிறகு தேறியதுபோல் தோன்றும். அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் தின்ற 13 பேர் இறந்தார்கள். யாராவது தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சமிருக்கும் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். அடிப்பக்கம் தெரியும் உங்கள் படம் அப்போது மருத்துவருக்கும் உதவும்.

படத்தை வெளியிடும்போது நஞ்சுக் காளானின் துல்லியமான இருப்பிடத்தை மறைத்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2023இல் மூவரைப் பலிகொண்ட காளான் விருந்து வழக்கில், பொதுத் தளத்தில் பிறர் பதிந்திருந்த நஞ்சுக் காளான் இருப்பிடங்கள் நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்தன.

பதிவு செய்யாவிட்டாலும் உங்கள் படத்தின் பதிப்புரிமை உங்களுடையது. உங்கள் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். உங்கள் நஞ்சுக் காளான் படத்தை எடுத்து, உண்ணத் தகுந்தது என்று யாரோ ஓர் இணையதளத்தில் பரப்பினால் விட்டுவிடாதீர்கள். அந்தத் தளத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அதை முடக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு பெறாவிட்டால் திரும்பத் திறந்துவிட இடமுண்டு என்பதால், அசல் கோப்பையும் எடுத்த தேதி விவரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.