புலியூரிலிருந்து ஒரு ஜட்ஜம்மா

பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியை வாசற்படி தாண்ட விடமாட்டார்கள் நம் வீட்டுக் கிழவிகள். ஜவ்வாது மலை புலியூர் ஸ்ரீபதி தாண்டினார். 2023 நவம்பரில், பிரசவமான சில நாட்களிலேயே, 200 கிலோமீட்டருக்கு மேல் காரில் போய்ச் சென்னையில் சிவில் நீதிபதி முதன்மைத் தேர்வை எழுதினார். 2024 பிப்ரவரியில் முடிவு வந்தது. மலையாளி பழங்குடிப் பெண், 23 வயதில் நீதிபதி! மேளதாளத்தோடு ஊர் வரவேற்றது. தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தந்த முன்னுரிமையால் கிடைத்த வெற்றி என்று முதல்வர் ஸ்டாலின் வாழ்த்தினார்.

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் இந்தத் தேர்வின் முதன்மைக் கட்டத்தில் நான்கு தாள். மூன்று சட்டம், ஒன்று மொழிபெயர்ப்பு: சாட்சி சொன்னதை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் கொண்டுபோக வேண்டும். யாருடைய பெண், எந்த சீனியரிடம் இருந்தாய் என்று விடைத்தாள் கேட்பதில்லை. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று மேலே போனால் பரீட்சையே கிடையாது. மூத்த நீதிபதிகளின் கொலீஜியம் கூடிப் பேசி முடிவெடுக்கிறது. அதை மாற்ற வந்த நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டத்தையும் உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்துவிட்டது. கீழ்ப்படியில் ஏறத்தான் நான்கு தாள்.

இப்போது அந்தப் படியும் உயர்ந்திருக்கிறது. சிவில் நீதிபதி ஆக மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002-இல் அதே நீதிமன்றம் எடுத்துவிட்ட நிபந்தனைதான். காரணம் இல்லாமல் இல்லை. கோர்ட் படியே ஏறாதவர் முதல் நாளே தடையுத்தரவு மனுவைக் கையில் எடுத்தால் தடுமாறத்தான் செய்வார்.

ஆனால் அந்த மூன்று வருஷம் யார் சோறு போடுவது? ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுங்கள் என்று 2024-இல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கொடுத்துக்கொண்டிருந்தால் யாரும் சொல்லியிருக்கப்போவதில்லை. அப்பா வக்கீலாக இருக்கும் பிள்ளைக்கு மூன்று வருஷம் வீட்டுச் சாப்பாட்டோடு ஓடிவிடும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கத்திலிருந்து இறங்கி வருகிற பெண் திருவண்ணாமலையில் அறை எடுக்க வேண்டும், கறுப்புக் கோட்டு தைக்க வேண்டும், சேர்த்துக்கொள்ள ஒரு சீனியரைத் தேட வேண்டும். அதற்குள் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்துவிடுவார்கள்.

அனுபவத்துக்குச் சான்றும் வேண்டும். நீதிபதியே தரலாம்; இல்லையென்றால் பத்து வருஷம் தொழில் பார்த்த வக்கீல் ஒருவர் எழுதித் தர, அதில் நீதிபதி ஒப்பமிட வேண்டும். வினாத்தாளைப் பார்க்கும் முன்பே, அந்தக் கையெழுத்துக்காக யாராவது ஒருவரின் அலுவலக வாசலில் அந்தப் பெண் நிற்க வேண்டியிருக்கும்.